வீட்டு அட்வான்ஸும் பழுதான ஃபிரிட்ஜும்: எந்தக் கதவை, எந்தத் தாளோடு தட்டுவது

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எனக்கு இரண்டு இடங்களில் பணம் மாட்டிக்கொண்டது. சென்னையில் காலி செய்த வாடகை வீட்டின் முன்பணம் ஒன்று. வாங்கி இரண்டு மாதங்கள் நிறைவதற்குள் குளிர்ச்சியை நிறுத்திவிட்ட ஃபிரிட்ஜ் மற்றொன்று. இரண்டிலும் இறுதியில் பணம் கிடைத்தது என்றாலும், தவறான அலுவலகங்களுக்கு அலைந்ததில் ஏறத்தாழ நான்கு மாதங்களை வீணாக்கினேன். எனக்குச் சட்டப் படிப்பு கிடையாது, வழக்கறிஞரும் வைத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் முதன்முறையாக இப்படிப்பட்ட சிக்கலில் நிற்பவர்கள் அந்த நான்கு மாதங்களை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் எந்தக் கதவு என்று தீர்மானியுங்கள்

வீட்டு உரிமையாளர் பணம் தர மறுத்தவுடன் நான் காவல் நிலையத்துக்குத்தான் சென்றேன். மனுவை வாங்கிப் பார்த்த எழுத்தர், "இது சிவில் மேட்டர்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்து நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதத் தொடங்கினேன்; அதுவும் தவறு. வெறும் வீட்டை வாடகைக்கு விடுவதைப் பொதுவாக அந்த ஆணையங்கள் 'சேவை' என்று ஏற்பதில்லை.

நகர்ப்புற வாடகைத் தகராறுகளுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தின் கீழ் வாடகை அதிகார அமைப்பு, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று படிகள் உள்ளன. பணம் கொடுத்து வாங்கிய பொருளிலும் சேவையிலும் குறை என்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாட வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

2. வீட்டு முன்பணம்: காலி செய்யும் நாளுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள்

என் மாத வாடகை 14,000 ரூபாய். கொடுத்திருந்த அட்வான்ஸ் ஒரு லட்சம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று மேற்சொன்ன சட்டத்தின் 11-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த "வேறு விதமாக" என்ற வாசல் வழியாகத்தான் சென்னையில் ஆறு மாதமும் பத்து மாதமும் கேட்கிறார்கள். நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். ஆனால் அதே பிரிவில் நமக்குப் பயன்படும் இன்னொரு வரி உண்டு. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

என் வழக்கில் "கழித்துக்கொண்டு" என்பதுதான் தகராறு. பெயிண்டிங்குக்கு 35,000, இதரச் செலவு 6,000 என்று சொல்லி, இரண்டு மாதம் கழித்து 59,000 ரூபாயை மட்டும் வங்கிக் கணக்கில் போட்டார்கள். ரசீது எதுவும் இல்லை. சட்டத்தோடு இணைந்த பராமரிப்புப் பட்டியலைப் படித்த பிறகுதான், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பில் வருபவை என்பதும், குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்ற சில்லறைப் பழுதுகள் நம் பொறுப்பு என்பதும் தெரிந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடித்தம்" என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். என் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை.

சாவியை ஒப்படைக்கும் நாளில் நீங்கள் செய்துவைக்க வேண்டியவை சில. வீடு காலியான பிறகு ஒவ்வோர் அறையையும், குழாய்களையும், கழிப்பறையையும் இடையில் நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். மின்சார மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைப் படம் பிடித்து, அதுவரைக்குமான மின் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், இடையில் காலி செய்பவர்களிடம் இந்தக் கணக்கில்தான் முதல் வாக்குவாதம் வரும். "இன்ன தேதியில் இத்தனை சாவிகள் பெற்றுக்கொண்டேன், மின்கட்டணப் பாக்கி இல்லை, அட்வான்ஸ் தொகை இவ்வளவு நிலுவை" என்று ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், அதே வாசகத்தை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, இரண்டு நீலக் கோடு விழுந்ததைச் சேமித்துவையுங்கள்.

பலர் செய்யும் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பணம் திரும்பாது என்று சந்தேகப்பட்டு, "கடைசி மூன்று மாதத்தை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்தால் அது வாடகை பாக்கியாகவே கணக்காகும். இரண்டு மாத பாக்கி என்பது வீட்டைவிட்டு வெளியேற்றக் கேட்பதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று.

அந்த 59,000 மட்டும் வந்த பிறகு நான் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எழுதி அஞ்சலில் அனுப்பினேன். அதில் வசை இல்லை, மிரட்டல் இல்லை. தொகை, தேதி, சட்டப் பிரிவு, பதினைந்து நாள் கெடு ஆகியவை மட்டும் இருந்தன. உடைந்த சுவிட்சுக்கும் குழாய்க்கும் 3,000 ரூபாயை நானாகவே விட்டுக்கொடுத்து, 38,000 கேட்டேன். இருபத்தொரு நாளில் பணம் வந்தது. என் பங்குப் பிழையை நானே முதலில் ஒப்புக்கொண்டு கழித்ததுதான் அந்தக் கடிதத்துக்கு வலுச் சேர்த்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

கடிதத்துக்கு அசையாதவர்களிடம் அடுத்த படிக்குப் போக, ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதும் வாடகை அதிகார அமைப்பில் பதிவாகியிருப்பதும் முக்கியம். பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்று வீட்டுத் தரகர்கள் சொல்வதை நம்பாதீர்கள். அது பழைய கணக்கு. இந்தச் சட்டப்படி பதினொரு மாத ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். அதற்கென அரசு இணையதளம் உள்ளது, பதிவானதும் ஓர் எண் தருவார்கள். எழுத்தில் ஒப்பந்தமே செய்துகொள்ளாமல் இருப்பது வாடகைதாரரை வெளியேற்றக் கேட்பதற்கே ஒரு காரணம் ஆகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. பதிவில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைத்து ஆலோசனை கேட்கலாம்; பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

3. பொருள் பழுதானால்: மெக்கானிக் வீட்டுக்கு வரும்போதே வழக்கு தொடங்கிவிடுகிறது

இனி ஃபிரிட்ஜ். 2023 அக்டோபரில் 38,900 ரூபாய் கொடுத்து வாங்கினேன்; நவம்பர் இறுதியில் குளிர்ச்சி நின்றது. ஆறு முறை ஆள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் கேஸ் நிரப்பிவிட்டுப் போவார்கள், பத்து நாளில் பால் திரியும்.

மெக்கானிக் கிளம்பும்போது உங்கள் கைப்பேசிக்கு ஓர் ஓடிபி வரும். அதை அவரிடம் சொல்லிவிட்டால் "குறை தீர்ந்தது, வாடிக்கையாளருக்குத் திருப்தி" என்று நிறுவனத்தின் கணினியில் புகார் மூடப்பட்டுவிடும். முதல் மூன்று முறையும் நான் அதைச் சொல்லித் தொலைத்தேன். அதனால் நிறுவனத்தின் பதிவேட்டில் என் ஃபிரிட்ஜ் மூன்று முறை நல்லபடியாகக் குணமாகியிருந்தது. பொருள் ஓடுவதை ஒரு நாளாவது பார்த்த பிறகு ஓடிபி தருவதாகச் சொல்லுங்கள். "சார் என் இன்சென்டிவ் போயிடும்" என்று அந்தப் பையன் கெஞ்சுவான். அவன்மேல் இரக்கப்படலாம், எண்ணைத் தர வேண்டியதில்லை.

ஜாப் ஷீட் என்று அவர்கள் அழைக்கும் பணித்தாளை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துக்கு மேல் "கேஸ் நான்காம் முறையாக நிரப்பப்பட்டது, பழுது தொடர்கிறது" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். இதன் மதிப்பு எனக்குப் பின்னால்தான் புரிந்தது. வழக்கில் நிறுவனம் தாக்கல் செய்த பதிலுரையில், ஜனவரி 31-இல் வீடு மாறியபோது வண்டியில் அடிபட்டுத்தான் ஃபிரிட்ஜ் பழுதானது என்று எழுதியிருந்தார்கள். நவம்பர், டிசம்பர் மாதத் தேதியிட்ட இரண்டு பணித்தாள்களையும், சாவி ஒப்படைத்த தேதி எழுதிய அந்த வீட்டுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வேறு வாதம் தேவைப்படவில்லை.

பணித்தாள் எதுவும் இல்லாமல் வெறுமனே "ஓடவில்லை" என்று சென்றால், பழுதை உறுதிசெய்யப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம். அதற்கான கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம்.

4. 1915: ஒரு முயற்சி, அவ்வளவே

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் தமிழிலேயே பேசிப் புகார் தரலாம், கட்டணம் இல்லை. அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. இணைய விற்பனைத் தளங்களில் சிக்கிய சிறு தொகைகள் இங்கேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு "விதிமுறைப்படி சேவை வழங்கப்பட்டது" என்ற ஒரு வரிப் பதில்தான் வந்தது. ஆனாலும் புகார் எண்ணையும் அந்தப் பதிலையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

இணையத்தில் வாங்கிய பொருள் என்றால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும்.

5. அறிவிப்புக் கடிதம்

வழக்குக்கு முன் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். வழக்கறிஞர் தாளில் அனுப்ப வேண்டிய கட்டாயமில்லை. கடைக்கு ஒன்று, தயாரிப்பு நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு ஒன்று. முகவரி பில்லிலோ உத்தரவாத அட்டையிலோ இருக்கும். விற்ற கடையை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தால் "தயாரித்தது நாங்கள் இல்லை" என்பார்கள். நிறுவனத்தை மட்டும் சேர்த்தால் "விற்றவரைக் கேளுங்கள்" என்பார்கள். ஆகையால் தொடக்கத்திலிருந்தே இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் அனுப்பியபோது பதிவுத் தபால் தனியாக இருந்தது. 2025-இல் அதை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். எனவே கவுன்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று கேட்டு, ரசீதையும், இணையத்தில் வரும் விநியோக விவரத்தின் அச்சையும் எடுத்துவையுங்கள். விநியோக விவரம் சில மாதங்களில் தளத்திலிருந்து மறைந்துவிடும் என்பதால் அந்த வாரமே எடுத்துவிடுவது நல்லது.

கடிதத்திலும் சமரசப் பேச்சிலும் காலத்தைக் கடத்திவிடாதீர்கள். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தாக்கல் செய்தாக வேண்டும்; நீங்கள் அனுப்பும் நினைவூட்டல்கள் அந்தக் கெடுவை நீட்டித்துத் தராது. கெடு தாண்டினால் தாமதத்துக்கான காரணத்தை விளக்கித் தனி மனு போட்டு, ஆணையம் ஏற்க வேண்டும்.

6. புகார் மனுவை எழுதுதல்

மனுவில் தரப்பினர் பெயர் முகவரி, நடந்தவை தேதி வாரியாக, குறை என்ன, இந்த ஆணையத்துக்கு எப்படி அதிகார வரம்பு உள்ளது, என்ன கேட்கிறீர்கள் என்பவை இந்த வரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் எண் போட்ட தனிப் பத்தி. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அதற்கான ஆவண எண். கோபத்தை இந்த மனுவில் கொட்ட வேண்டாம். என் முதல் வரைவு பதினாறு பக்கம் இருந்தது. கோபத்தை எடுத்த பிறகு ஐந்து பக்கமாகிவிட்டது.

நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் கவலையில்லை. "எல்லாத் தகராறும் இன்ன நகர நீதிமன்றத்துக்கு உட்பட்டது" என்று பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். சென்னையில் வடக்கு, தெற்கு என்று தனித்தனி ஆணையங்கள் இருப்பதால், உங்கள் முகவரி எதில் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையில் பழைய முகவரி இருந்தால் புதிய வீட்டின் வாடகை ஒப்பந்தத்தை இணையுங்கள்.

பில் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஜிஎஸ்டி வரவு எடுப்பதற்காக மைத்துனரின் நிறுவனப் பெயரில் பில் போட்டு வாங்கியிருந்தால், அது வணிக நோக்கத்துக்கான கொள்முதல் என்று எதிர்த்தரப்பு முதல் ஆட்சேபணையை எழுப்பும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கிய தையல் இயந்திரம் போன்றவற்றுக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு.

கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். நான் விலையைத் திருப்பித் தரவும், அதற்கு 9 சதவீத வட்டியும், மன உளைச்சலுக்கு 25,000 ரூபாயும், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாயும் கேட்டேன். பத்து லட்சம் கேட்டால் நாலு லட்சமாவது தருவார்கள் என்பது சந்தைக் கணக்கு; அதற்கு ஆதாரம் காட்டச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

7. தாக்கல் செய்தல், செலவு

பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் தாக்கல் கட்டணம் எதுவுமில்லை. பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400 ரூபாய், ஐம்பது லட்சம் வரை 1,000 ரூபாய். மாவட்ட ஆணையத்தின் வரம்பே ஐம்பது லட்சம்தான். கேட்கும் இழப்பீட்டை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கொடுத்த விலையை மட்டுமே பார்ப்பார்கள்.

நான் 2024 மே மாதம் இ-தாக்கில் தளத்தில் பதிவேற்றினேன். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற புதிய தளம் வந்துவிட்டது. மனு, பொருளடக்கம், தேதிப் பட்டியல், உறுதிமொழிப் பத்திரம், ஆவணங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் தொடர்ச்சியாகப் பக்க எண் போட்டு ஒரே கோப்பாக்குங்கள். பக்க எண் இல்லை என்பதற்காகவே என் மனு ஒரு முறை திரும்பியது. மங்கலான பில் நகலுக்காக இன்னொரு முறை. வெப்பத்தாளில் அச்சிட்ட பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே நகலெடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் மின்னஞ்சலையும் இணைப்பவர்கள் 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படியான சான்றிதழையும் சேர்த்துவிட்டால் பின்னால் ஆட்சேபணை வராது.

இணையத்தில் போட்டாலும் என்னிடம் தாள் பிரதிகளும் கேட்டார்கள். ஆணையத்துக்கு மூன்று, எதிர்த்தரப்பினர் இருவருக்கும் தலா ஒன்று என ஐந்து தொகுதிகள். 46 பக்கம் வீதம் 230 பக்க ஜெராக்ஸுக்கு 460 ரூபாய் ஆனது. நோட்டரி கையெழுத்து இரண்டு முறைக்கு 500, அஞ்சலுக்கு 160. மொத்தத்தில் 1,120 ரூபாய். இதுதவிர ஆணைய வாசலில் "ஐயாயிரம் கொடுங்க, நம்பர் வாங்கித் தர்றேன்" என்று ஒருவர் அணுகினார். வழக்கு எண் தானாகவே வரும்.

8. விசாரணை நாட்கள்

மனுவை ஏற்பதா இல்லையா என்பதை 21 நாளில் முடிவுசெய்ய வேண்டும் என்பதும், வழக்கை மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்பதும் சட்டத்தில் இருப்பவை. என் வழக்குக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதற்கு மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு, விடுப்புகளைச் சேமித்துவையுங்கள். நான் எட்டு முறை சென்றேன். காணொளி வழியாக ஆஜராக அனுமதி கோரியும் மனு கொடுக்கலாம்.

எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள்; ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள் தரலாம். அதற்குமேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. அறிவிப்பு அவர்களுக்குக் கிடைத்த தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, 45-ஆவது நாளுக்குப் பிறகு "வாய்தா" கேட்டால் எழுந்து நின்று இதைப் பணிவாகச் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம், எனக்கு உறுப்பினர்கள் பொறுமையாகக் காதுகொடுத்தார்கள்.

நீங்கள் வராமல் இருந்துவிடக் கூடாது. இரண்டு, மூன்று தேதிக்கு வராதவரின் வழக்கு தள்ளுபடியாகும் ஆபத்து உண்டு. பேருந்து தாமதம் என்றாலும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இடையில் சமரசத்துக்கு அழைத்தால் போய்ப் பாருங்கள். என்னிடம் பாதி விலைக்கு ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். மறுத்ததற்காக வழக்கில் எந்தப் பாதகமும் வரவில்லை.

9. உத்தரவுக்குப் பிறகு

2025 ஜூலையில் விலையையும் வட்டியையும், இழப்பீடாக 10,000 ரூபாயையும், செலவுக்கு 3,000 ரூபாயையும் இரண்டு மாதத்துக்குள் தருமாறு உத்தரவாயிற்று. உத்தரவு வந்தால் பணம் வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம் உண்டு. தொகை கட்ட உத்தரவிடப்பட்டவர் அதில் பாதியை முன்வைப்பாகச் செலுத்தினால்தான் மேல்முறையீடு ஏற்கப்படும். என் தொகைக்கு அவர்கள் மேல்முறையீடும் செய்யவில்லை, பணமும் தரவில்லை.

கெடு முடிந்த மறுவாரம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71, 72-ஆவது பிரிவுகளின் கீழ் நிறைவேற்று மனு போட்டேன். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று 72-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த மனுவின் அறிவிப்பு போன மூன்றாம் வாரத்தில் நிறுவனத்திலிருந்து மரியாதையான குரலில் அழைப்பு வந்தது.

பழைய ஃபிரிட்ஜை எடுத்துச்செல்ல முதலில் வண்டியை அனுப்பப் பார்த்தார்கள். முழுத் தொகையும் கணக்கில் ஏறிய பிறகே பொருளை ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது மாதிரி எண், வரிசை எண், தேதி எழுதிய ரசீதில் வண்டியோட்டியிடம் கையெழுத்து வாங்கி, நகலை ஆணையத்தில் தாக்கல் செய்து, நிறைவேற்று மனு முடித்துவைக்கப்பட்டதாக வரும் உத்தரவின் சான்றிட்ட பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.